ஐந்தாம் நிலைச் சின்னத்தைத் திருப்பித் தர மாட்டேன்

சிறப்பு விருது அலுவலகத்தில் பதிவேட்டுப் பிரிவு எழுத்தராக இருக்கும் என் கொழுந்தனார் அவர்களுக்கு, உங்கள் அண்ணி எழுதிக்கொண்டது.

நலமா என்று முதலில் கேட்பது முறை. கேட்டுவிட்டேன். என் ஓரகத்தியும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இங்கே நானும் என் மகளும் இருக்கிறோம், அவ்வளவுதான். உங்கள் அலுவலகக் கடிதங்களில் 'பொருள்' என்று போட்டு நேராக விஷயத்துக்கு வருகிறீர்களே, அதே மாதிரி நானும் எழுதிப் பார்க்கிறேன். பொருள்: என் வயிற்றெரிச்சல். பார்வை: நீங்கள் அனுப்பிய மூன்று கடிதங்கள். நான் நான்காம் வகுப்போடு நின்றவள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், கோபத்தில் எழுத்து கோட்டைத் தாண்டிப் போனால் பொறுத்துக்கொள்ளவும். பொறுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை.

நேற்றுக் காலை வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தபோது தபால்காரர் வந்து, "என்னக்கா, மறுபடியும் அரசாங்கக் கவரு! பெரிய இடத்துச் சம்பந்தம்தான் உங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே உங்கள் மூன்றாவது கடிதத்தைக் கொடுத்தார். ஈரக் கையோடு பிரித்தேன். மறைந்த உறுப்பினரின் மார்புச் சின்னத்தையும் இறப்பு அறிவிப்புப் படிவத்தையும் தொண்ணூறு நாட்களுக்குள் ஒப்படைக்கவும் என்று எழுதியிருக்கிறது. மறைந்த உறுப்பினர்! விருது வாங்கியவர்களுக்கு உங்கள் அலுவலகம் வைத்த பெயர் உறுப்பினர். கூடப் பிறந்த அண்ணனை அப்படி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அது போகட்டும் என்று கீழே பார்த்தால் கையெழுத்து இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. ஒரு கையெழுத்துப் போடக்கூட நாங்கள் லாயக்கில்லாமல் போய்விட்டோமா? இந்த இடத்திலிருந்து எனக்கு 'நீங்கள்' என்று எழுத வரவில்லை தம்பி, 'நீ' என்றே எழுதுகிறேன். வயதில் மூத்தவள், உரிமை உண்டு.

நீ அனுப்பிய முதல் கடிதம் என்ன ஆயிற்று தெரியுமா? என் வீட்டு எண் நாற்பத்தொன்று. நீ பதினான்கு என்று எழுதி அனுப்பினாய். பிறந்ததிலிருந்து இருபத்தாறு வயது வரை நீ சோறு தின்ற வீட்டின் எண்! பதினான்கில் முடிதிருத்தும் கடை இருக்கிறது. அந்த மனுஷன் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் கடையில் அரசாங்கச் சொத்து எதுவோ இருக்கிறது என்று பயந்துபோய் இழுப்பறை, கண்ணாடிக்குப் பின்னால், நாற்காலிக்கு அடியில் எல்லாம் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. கையில் கத்தரிக்கோலோடு என் வாசலுக்கு ஓடி வந்தார். பின்னாலேயே ஒரு கன்னம் மட்டும் சவரம் ஆன ஒரு ஆள், கழுத்தில் துணியோடு. "அக்கா, சத்தியமா எங்கிட்ட எந்தச் சின்னமும் இல்லக்கா. வேணும்னா வந்து சோதனை போட்டுக்கச் சொல்லுங்க. நான் வெட்டுறது முடி மட்டும்தான்" என்று அழாத குறை. கடிதத்தை வாங்கி, அவருக்குத் தண்ணீர் கொடுத்து, அந்த ஒரு கன்னத்துக்காரரையும் சமாதானப்படுத்தி அனுப்பினேன். இதெல்லாம் யார் செய்த வேலை? உன் வேலை.

மூன்று மாதம் கழித்து இரண்டாவது கடிதம். வீட்டு எண் சரி. ஆனால் அதில் நீ கேட்டது, 'இரண்டாம் நிலைக்குரிய, தோளில் அணியும் பட்டுப் பட்டையும் எட்டு முனை வெள்ளி நட்சத்திரமும்'. அந்த நட்சத்திரம் யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே, உன் அண்ணன் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் வீட்டுக்கே போய்விட்டேன். "ஐயா, உங்க நட்சத்திரத்தை எங்கிட்ட கேக்குறாங்க. கழட்டிக் குடுத்தீங்கன்னா நானே கட்டி அனுப்பிடுறேன்" என்றேன். அவர் வீட்டம்மா உள்ளேயிருந்து, "அது பாலிஷ் போடப் போயிருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று சலவைக்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். பெரிய டாக்டர் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, தன் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "நான் உயிரோடதானே இருக்கேன்?" என்று என்னிடமே கேட்டார். "இருக்கீங்க ஐயா, அதுதான் என் வருத்தம்" என்று வாய் வரை வந்தது. வந்ததைச் சொல்லிவிட்டேன்.

நீ அந்த அலுவலகத்திலேயே குப்பை கொட்டுகிறவன், ஐந்து நிலைகளை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது பார். முதல் நிலைக்குக் கழுத்தைச் சுற்றிப் பொன் சங்கிலி, அது ஆஸ்பத்திரி பாய்லர் விபத்துக்காக யாருக்கும் கொடுக்கப்படவில்லை. இரண்டாம் நிலை பெரிய டாக்டருக்கு, 'நெருக்கடியில் தலைமை தாங்கியதற்காக'. எதிர்ப் புல்வெளியில் குடை பிடித்துக்கொண்டு தாங்கினார். மூன்றாம் நிலை கழுத்தில் தொங்குவது, அது தலைமைப் பொறியாளருக்கு, 'இயந்திரங்களை நன்கு பராமரித்ததற்காக'. பாதுகாப்பு வால்வு தேய்ந்துவிட்டது என்று உன் அண்ணன் அவருக்கு நான்கு தடவை எழுதிக் கொடுத்தார், அந்த நான்கு தாளையும் அவரும் நன்றாகத்தான் பராமரித்திருப்பார். நான்காம் நிலை தலைமை எழுத்தருக்கு, தீயணைப்புக்குப் போன் செய்ததற்காக. ஐந்தாம் நிலை உன் அண்ணனுக்கு, 'உதவியதற்காக'. நான்குக்கும் ஐந்துக்கும் என்ன வித்தியாசம் என்றால் ரிப்பன் மேல் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துணிப் பூ. போன் செய்தவருக்குப் பூ உண்டு. பாய்லர்க்காரருக்குப் பூ இல்லை.

அவர் என்ன உதவினார்? பாய்லரில் அழுத்தம் காட்டும் முள் சிவப்பைத் தாண்டிப் போய்விட்டது, வால்வு திறக்கவில்லை. மேல் மாடியில் பிரசவ வார்டு. எல்லாரும் வெளியே ஓடியபோது இவர் தீயை அணைத்துவிட்டு, ஆவியை வெளியே விடும் சக்கரத்தைத் திருகிப் பிடித்துக்கொண்டு நின்றார். மரை தேய்ந்த சக்கரம், விட்டால் திரும்பிக்கொள்ளும். ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் பிடித்தபடி அந்தக் கொதிக்கிற காற்றையே மூச்சாக இழுத்துக்கொண்டு நின்றார். கடைசிக் குழந்தை இறங்கிய பிறகுதான் கையை விட்டார், உள்ளங்கைத் தோல் சாக்கோடு வந்துவிட்டது. நர்ஸ்கள் எல்லாம் 'நீராவி அண்ணன்' என்று கூப்பிடுவார்களே, அந்த நீராவிதான் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

விருது வாங்க அவரால் எழுந்திருக்க முடியவில்லை, நான் போனேன். ஐந்தாம் நிலைக்காரர்களுக்குப் பக்கவாட்டுக் கதவு. இரண்டாம் நிலைக்கு மெத்தை நாற்காலி, மூன்றுக்கு மர நாற்காலி, நான்குக்குப் பெஞ்சு, எங்களுக்குச் சுவர். வெள்ளைக் கையுறை போட்ட அதிகாரி பெட்டியை என் கையில் வைத்துவிட்டு, "நீங்க குத்திக்கக் கூடாதும்மா. குத்துற உரிமை உறுப்பினருக்கு மட்டும்தான். இடது பக்கம், தோளுக்குக் கீழே நாலு விரல் விட்டு" என்று என் தோளிலேயே அளந்து காட்டினார். நாலு விரலா, மூணு விரலா என்று பக்கத்து அதிகாரியோடு அவருக்குத் தகராறு வேறு. நான் நடுவில் துணிக்கடைப் பொம்மை மாதிரி நின்றேன்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கட்டிலில் கொடுத்தேன். உன் அண்ணன் கையில் வைத்து எடை பார்த்தார். "இத்தனூண்டா? இதுல ஒரு வாஷர்கூடத் தேறாதே" என்றார். கூடவே வந்த விதிப் புத்தகத்தை என்னைப் படிக்கச் சொன்னார். மேல்நிலை உறுப்பினர் வரும்போது கீழ்நிலை உறுப்பினர் எழுந்து நிற்க வேண்டும் என்று அதில் இருந்தது. மறுநாள் பெரிய டாக்டர் ரவுண்டு வந்தார், கோட்டில் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டே வந்தார். இந்த மனுஷன், "கையப் பிடி, கையப் பிடி, நான் எழுந்து நிக்கணும், இல்லன்னா பிடுங்கிடுவாங்க" என்று கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள், இவரும் சிரித்தார், சிரித்துச் சிரித்து இருமல் வந்து ஆக்சிஜன் வைத்தார்கள். நான் அவரைத் திட்டினேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள்தான்.

அவர் போன அன்றைக்கே பாய்லர் அறைப் பலகையில் அவர் பெயரை ஈரத் துணியால் துடைத்தார்கள். அடுத்த வாரம் எரிவாயுக் கம்பெனிக்காரன் பெயரை மாற்றிவிட்டான். வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நூலகத்தில் அவர் அட்டையைக் கிழித்துப் போட்டார்கள், இரண்டு புத்தகம் திருப்பித் தரவில்லை என்று என்னைத் திட்டிவிட்டுக் கிழித்தார்கள். எங்கே போனாலும் ஒரு பேனாவைக் கொடுத்து, இவர் இல்லை என்று எழுதித் தா என்கிறார்கள். எழுதித் தந்து தந்து என் கையெழுத்தே அழகாகிவிட்டது.

உன் அலுவலகத்துக்கும் ஒரு நாள் வந்தேன். நீ விடுப்பு என்றார்கள். முன் மேசையில் இருந்த பெண் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். "சின்னமும் படிவமும் வந்தாத்தான்ம்மா சிவப்பு மையில கோடு போடுவோம். அதுவரைக்கும் எங்க ஏட்டுல இவர் இருக்கார்."

"இருக்கார்னா?"

"இருக்கார்னா, உயிரோட இருக்கார்."

அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தேன். பாய்லர் இயக்குநர், ஐந்தாம் நிலை, உயிருடன். உலகத்தில் வேறு எந்த ஏட்டிலும் என் வீட்டுக்காரர் அப்படி இல்லை. வருடாந்தரக் கூட்டத்துக்கு அவர் பெயருக்கே அழைப்பு வந்தது, நேரில் வந்து சுவரோரம் நிற்கவும் என்று. ஐந்தாம் நிலைக்கு ஆயிரம் பேர்தான் கணக்காம், ஒருவர் போனால்தான் அடுத்தவர் உள்ளே வர முடியுமாம். வரிசையில் முதலில் நிற்பது யார் என்று கேட்டேன். பெரிய டாக்டரின் மச்சினராம். விபத்தன்று வெளிக் கேட்டைத் திறந்துவிட்டாராம். ஆமாம், திறந்தார், தன் காரை வெளியே எடுக்கத் திறந்தார்!

அதனால் எழுதுகிறேன், நன்றாகக் காதில் போட்டுக்கொள். சின்னம் வராது. படிவத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். எல்லா ஏட்டிலும் அவரை நானே என் கையால் கொன்றுவிட்டேன், இந்த ஒன்றில் மாட்டேன். ஆள் அனுப்புவாயோ, போலீஸ் அனுப்புவாயோ, அனுப்பு. நீயே வராதே. என் கல்யாணத்துக்கு விருந்தாளிப் பட்டியல் எழுத அளவுகோலோடு வந்தவன் நீ, ஒரு புள்ளி தப்பினாலும் தாளைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுவாய், உன் அண்ணன் ஊரெல்லாம் பெருமை பேசுவார். அப்படிப்பட்டவன் மேலதிகாரிகளுக்கு அழகாக எழுதுகிறாய், அண்ணன் செத்ததற்கு மட்டும் எண் தப்பு, நிலை தப்பு, கையெழுத்து இல்லை. எங்களை நீ மதிக்கிற லட்சணம் இதுதான். காரியம் முடிந்த நாளிலிருந்து இந்த வாசல்படி மிதிக்கவில்லை. இனி மிதிக்கவும் வேண்டாம்.

என் ஓரகத்திக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாகட்டும், ஆனால் அலுவலகத்துக்கு மட்டும் போக வேண்டாம். உனக்கு ஆசீர்வாதம் பண்ண மனசு வரவில்லை, முறைக்கு ஒன்று வைத்துக்கொள்: நன்றாக இரு.

இப்படிக்கு,
உயிருடன் இருக்கும் ஐந்தாம் நிலை உறுப்பினரின் மனைவி.

பின்குறிப்பு: தம்பி, கவர் வாங்கக் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனேன். போன வேகத்தில் உங்கள் மூன்று கடிதத்தையும் அவர் முன்னால் வீசி, இதற்கு என்ன தண்டனை என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் வரிசையாக அடுக்கினார். தேதிகளை விரல் விட்டு எண்ணினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "அம்மா, இதுல ஒரு தப்பு இருந்தாலும் கடிதம் செல்லாது. தொண்ணூறு நாள் கெடு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு கெடுவும் முடியுற அன்னிக்குச் சரியா அடுத்த தப்புக் கடிதம் வந்திருக்கு. இத எழுதுனவர் யாரோ, என் தொழில்ல இருந்திருந்தா நான் கடைய மூடியிருப்பேன்" என்றார்.

அவர் பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் பெயர் மேல் சிவப்புக் கோடு போட வேண்டியது உங்கள் கைதான், அதைத் தள்ளிப்போடத்தான் இந்தத் தப்பெல்லாம் என்பது எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

எழுதியதை மாற்றி எழுதத் தெம்பில்லை. ஒரு வகையில் இதுவும் நல்லதுதான். மேலே உள்ள தாள்களை உங்கள் மேலதிகாரிக்குக் காட்டுங்கள், நீங்கள் என்னை எவ்வளவு விரட்டுகிறீர்கள் என்று அவரே நம்புவார், கோப்பில் வைத்துக்கொள்ளட்டும். இந்தத் துண்டை மட்டும் கிழித்துப் போட்டுவிடுங்கள். வீட்டுக்கு வாருங்கள், கதவு திறந்திருக்கும். அடுத்த கடிதத்தில் மாதத்தை மாற்றிப் போடலாம் என்று மனு எழுதுகிறவர் சொல்கிறார், அது யாருக்கும் சீக்கிரம் கண்ணில் படாதாம். முடிதிருத்துகிறவரை மட்டும் மறுபடி பயமுறுத்தாதீர்கள், பாவம்.