பைலட்டரின் பக்கத்துக் கதிரை

ஒரு குண்டும் போடாமல், ஒரு எதிரியையும் சுடாமல், நான்கு வருடம் தொடர்ந்து போர் விமானம் ஓட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் வன்னியில், உருத்திரபுரத்தில் இருந்தார். தொழில், தண்ணீர்ப் பம்ப் திருத்துவது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும். ஆனால் ஊர் முழுக்க அவரைப் பைலட்டர் என்றுதான் சொன்னது, நானும் அப்படியே பழகிவிட்டேன்.

வாய்க்கால் கரையில் அவருடைய தகரக் கொட்டில். முன்பக்கம் பம்புகள் குடல் சரிந்து கிடக்கும். பின்பக்கம் விமானம். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் விட்டுவிட்டுப் போன கணினி அது. அதற்குள் ஒரு விமானச் சண்டை விளையாட்டு. அந்த விளையாட்டில் பளபளவென்று பத்துப் பன்னிரண்டு புது விமானங்கள் இருக்க, பைலட்டர் தெரிந்தெடுத்தது அறுபது வருடத்துக்கு முந்திய பழைய ரஷ்ய மிக் விமானம் ஒன்றை. புதியவற்றைக் கம்பியூட்டரே ஓட்டிவிடுமாம், இதைத்தான் மனிதன் கையால் ஓட்ட வேண்டுமாம். பம்ப் திருத்துகிறவர் அப்படித்தான் யோசிப்பார் என்று நான் அதை அதோடு விட்டுவிட்டேன்.

அவர் அமர்வது பழைய உழவு இயந்திரத்தின் சீற். கால்மிதிகள் ஒரு ஓட்டோவிலிருந்து கழற்றியவை. தலைக்கவசம் மட்டும் சொந்தமில்லை. யார் மோட்டார் சைக்கிளில் வந்தாலும் முதலில் ஹெல்மெற்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, பிறகுதான் என்ன பழுது என்று கேட்பார். பெரிய தலைக்காரர்கள் வந்த நாட்களில் ஹெல்மெற் மூக்குவரை இறங்கி, விமானம் நேரே மலையில் போய் மோதும். அப்படி மோதாத நாட்களில் எதிரி விமானங்கள் வந்து சுட்டு வீழ்த்தும். "அடிச்சுப்போட்டாங்கள்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். சுடுகிற பொத்தானுக்கு மேல் கறுப்பு டேப் மூன்று சுற்றுச் சுற்றி ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்டால், கை தவறிப்போகும் என்பார்.

புறப்படுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. பெற்றோல் ஓம், ஓயில் ஓம், பிளக் ஓம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சொல்வார். ஜெட் விமானத்துக்குப் பிளக் கிடையாது என்று நான் ஒருநாள் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். "இல்லாட்டிலும் பாக்கிறதில என்ன நட்டம்?" என்றார்.

அவருக்கு இடது கண் இல்லை. போரின் கடைசி இடப்பெயர்வில் போனது. வலது கண்ணில் எப்போதும் பனிப்புகார் மூட்டம். பம்புகளைத் தடவித் தடவியே திருத்திவிடுவார். விமானத்தைத் தடவி ஓட்ட முடியாதே. அதனால் பக்கத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை. பம்ப் கொண்டு வந்தவர் யாராயிருந்தாலும் அந்தக் கதிரையில் இருந்து, விமானத்துக்குக் கீழே என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பம்ப் திருத்தப்பட மாட்டாது.

உருத்திரபுரத்து விவசாயியை ஆகாயத்தில் ஏற்றி, கீழே என்ன தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வார்? எங்கேயோ ஒரு வெளிநாட்டு நிலம். மலை, ஆறு, வயல், தோப்பு எல்லாம் திரையில் ஓடும். பம்ப் கொண்டு வந்த செல்லையா அண்ணை கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். மண் சரியில்லை, உளுந்து மட்டும் போடலாம் என்பார். "வேற?" என்பார் பைலட்டர். வரம்பு மெல்லிசு, நண்டு துளைத்துவிடும். "வேற?" செல்லையா அண்ணை பெருமூச்சு விட்டு, "வாய்க்காலை வளைச்சு வெட்டிப்போட்டாங்கள். கடைசி வயலுக்குத் தண்ணி போகாது" என்று முடிப்பார். யார் கதிரையில் இருந்தாலும் கதை அந்த வாய்க்காலில்தான் போய் நிற்கும். பைலட்டரின் முகம் ஏன் அப்படி விழுந்துபோகிறது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு கதையைக் கேட்டும் சிரித்தேன். கணினி வந்த முதல் நாள், பைலட்டர் அதை இரண்டு பெரிய ஸ்பீக்கரில் பொருத்தி, முழுச் சத்தத்தில் விமானத்தைக் கிளப்பினாராம். வயலில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே சேற்றில் குப்புற விழுந்தார்கள். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்த செல்லையா அண்ணை மூச்சடக்கித் தண்ணீருக்குள் போய்விட்டார். பைலட்டரின் தமக்கை மணியக்கா குசினியில் சமையலை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தார். பதுங்குகுழியை மூடி வாழை வைத்துப் பல வருடமாகியிருந்தது. அவர் வாழைகளுக்கிடையில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாராம். செல்லையா அண்ணை இதைச் சொல்லும்போது எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக எழும்பித் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அன்றே பைலட்டர் ஸ்பீக்கர் வயரை வெட்டி எறிந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த விமானம் சத்தமில்லாமலே பறந்தது.

நான் வவுனியா நகரத்தில் வளர்ந்தவன். எந்த ஜெட் வந்து குண்டு போட்டாலும் வன்னிச் சனத்துக்கு அது அரசாங்கத்தின் கிபிர் விமானம்தான். அந்தக் கிபிர்கள் எனக்கு மேலால் போனவை. போய்ச் சேர்ந்த இடத்தில் இருந்தவர்கள் இவர்கள். இந்த வித்தியாசம் அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

என் வேலை பயிரழிவு அளப்பது. வெள்ளம் வந்து வடிந்ததும் படிவக் கட்டோடும் அளவு நாடாவோடும் வரம்பில் நிற்பேன். இரண்டு ஏக்கர் போய்விட்டது என்று ஒருவர் அழுதால், நான் அளந்து பார்த்து ஒன்றே முக்கால் என்று எழுதுவேன். அதனால் ஊரில் எனக்கு 'முக்கால்' என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அழிந்ததைக் குறைத்து எழுதியதுமில்லை, அழியாததைக் கூட்டி எழுதியதுமில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

என் மோட்டார் சைக்கிள் ஒருநாள் அந்த வாய்க்கால் கரையில் நின்றுபோனபோதுதான் எனக்குப் பைலட்டர் அறிமுகம். சைக்கிளைத் திருத்த ஐந்து நிமிடம், சிவப்புக் கதிரையில் ஒரு மணித்தியாலம். தூரத்து மலையில் ஒற்றை மரம் நிற்கிறது என்று சொன்னேன். ஹெல்மெற்றைக் கழற்றிவிட்டு என் முகத்துக்குக் கிட்ட வந்து பார்த்தார். "சேருக்கு நல்ல கண்" என்றார். அரசாங்க உத்தியோகத்தர் எல்லோரும் ஊருக்குச் 'சேர்'தான்.

அடுத்த கிழமை சைக்கிள் அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த கிழமை இரண்டு தரம். ஒவ்வொரு முறையும் கொட்டிலுக்கு நூறு யார் தூரத்துக்கு முன்னால், அளந்து வைத்தமாதிரி. பிளக் வயரை எவ்வளவு தளர்த்திவிட்டால் எவ்வளவு தூரம் ஓடும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் மெல்ல விளங்கியது. நான் கேட்கவில்லை.

ஆனால் என் ராசி சரியில்லை. செல்லையா அண்ணை போன்றவர்கள் இருந்தால் விமானம் எப்படியோ தப்பி ஆற்றைக் கடந்து தோப்புவரை போய்விடுமாம். நான் இருந்தால் ஆற்றுக்கு இந்தப் பக்கமே சுட்டு விழுத்திவிடுவார்கள். ஒருநாள் எட்டுத் தரம் விழுந்தோம். சேரை ஏற்றினால் பிளேன் பாரம் என்று செல்லையா அண்ணை சொன்னார். பைலட்டர் சிரிக்கவில்லை.

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம் சைக்கிள் வழக்கம்போல் நின்றது. கொட்டிலில் வேறு யாரும் இல்லை. எதிரி விமானங்களை விளையாட்டிலிருந்து எடுத்துவிடும் வழியைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். இனி ஒருவரும் சுட மாட்டார்கள், நேரே போகலாம் என்றார்.

"அண்ணை, எதைத் தேடுறியள் எண்டு சொன்னால் நான் அதையே பாப்பன்" என்றேன்.

பைலட்டர் கால்மிதியிலிருந்து காலை எடுத்தார். தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"கடைசியா இடம்பெயர்ந்து ஒரு தோப்புக்குள்ள கூடாரம் போட்டு இருந்தனாங்கள். வெள்ளைத் துணி விரிச்சால் சனம் இருக்கெண்டு கண்டு கிபிர்க்காரன் அடிக்கமாட்டான் எண்டு ஆரோ சொல்லிச்சினம். அம்மான்ர வெள்ளைச் சீலை ஒண்டு இருந்தது. அதைக் கூடாரத்துக்கு மேல விரி எண்டு நான்தான் சாந்தாவுக்குச் சொன்னனான். விரிச்சு நாலு மூலையிலயும் கல்லு வைச்சவள். நான் தண்ணி எடுக்கப் போனனான்."

சாந்தா அவருடைய மனைவி. அவருக்கு ஒரு மனைவி இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"சீலையைக் கண்டுதான் அடிச்சானெண்டால், அவளைக் காட்டிக் குடுத்தது நான். காணாமல் அடிச்சானெண்டால், என்னில பிழையில்லை. அவ்வளவுதான் சேர் எனக்குத் தெரியவேணும்."

இரண்டு வருடம் திரையில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு, விளையாட்டின் வரைபடத்தில் இருந்த தோப்புக்குள் ஒரு வெள்ளைக் கூடாரத்தை வைத்திருந்தார். அதே அளவு. விமானம் எந்த உயரத்தில் வந்தது என்பது அவர் காதுக்குள் இருந்தது. அந்த உயரத்தில், அந்த வேகத்தில் போய்ப் பார்க்க ஒரு கண் மட்டும் இல்லாமல் போய்விட்டது.

செல்லையா அண்ணையிடம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"அவை எல்லாரும் என்னோட அந்தத் தோப்புக்குள்ள இருந்தவை. எனக்கு உண்மை சொல்லமாட்டினம்." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் முக்காலை ஒண்டெண்டு எழுதாத ஆள்" என்றார்.

பெற்றோல் ஓம், ஓயில் ஓம், பிளக் ஓம். என் ஹெல்மெற் அவருக்குச் சரியாக இருந்தது. அவர் அவ்வளவு அழகாக விமானம் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆற்றைக் கடந்தோம். இறங்கினோம். தோப்பு ஒரு பச்சைத் திட்டாக வந்தது. மரங்கள் தனித்தனி மரமாகப் பிரிவதற்கு முன்னமே, எனக்கு அந்த வெள்ளை தெரிந்துவிட்டது. வேறு எதையும் பார்க்க முடியாத அளவுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"தெரியுதோ?"

செல்லையா அண்ணையும் மற்றவர்களும் வருடக்கணக்காக மண்ணையும் வரம்பையும் வளைந்த வாய்க்காலையும் பற்றியே ஏன் கதைத்தார்கள் என்பது அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கியது. அவர்கள் எல்லோரும் இதைக் கண்டிருக்கிறார்கள்.

"தெரியேல்லை அண்ணை. ஒரே பச்சை" என்றேன்.

இன்னும் இரண்டு தரம் சுற்றி வந்தார். நானும் இரண்டு தரம் அதையே சொன்னேன். பிறகு விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார். வாலில் சின்னப் பரசூட் விரிந்து, மெல்ல நின்றது. ஹெல்மெற்றைக் கழற்றாமலே, "எழுதித் தருவியளோ?" என்று கேட்டார்.

வாயால் சொன்னதை எங்கள் விவசாயிகள் ஒருநாளும் நம்பியதில்லை. எதுவென்றாலும் படிவத்தில் வரவேண்டும். நான் பையைத் திறந்து பயிரழிவுப் படிவம் ஒன்றை எடுத்தேன். பயிர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். அவதானிப்பு என்ற இடத்தில், 'மேலிருந்து மூன்று தடவை பார்த்தேன். வெள்ளை நிறத்தில் எதுவும் தென்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டு, றப்பர் முத்திரையும் குத்தினேன். என் உத்தியோகத்தில் நான் கொடுத்த ஒரே பொய் அறிக்கை அதுதான்.

பைலட்டர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். மணியக்காவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவர் இரண்டு வரியையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். குரல் அசையவில்லை. வாசித்து முடித்ததும் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, அதை அலுமாரிக்குள் வைக்கப் போனார். பைலட்டர் ஹெல்மெற்றின் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, அதற்குள் வெகுநேரம் இருந்தார்.

வெளியே செல்லையா அண்ணை பம்பை வைத்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"என்ன சேர் கண்டனீங்கள்?" என்றார்.

"வாய்க்காலை வளைச்சு வெட்டியிருக்கிறாங்கள். கடைசி வயலுக்குத் தண்ணி போகாது" என்றேன்.

"ஓம். நாங்களும் அதைத்தான் கண்டனாங்கள்" என்று சொல்லிவிட்டு, பம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அன்றைக்குப் பிறகு என் மோட்டார் சைக்கிள் வழியில் நின்றதே இல்லை. ஒரு கிழமை போயிற்று, இரண்டு கிழமை போயிற்று. கொட்டிலைக் கடக்கும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அது நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டேயிருந்தது. அவருக்கு என் கண் இனித் தேவையில்லை என்று எண்ணியபோது எனக்கு அழுகை வந்தது. மூன்றாவது கிழமை, கொட்டிலுக்கு நூறு யார் முன்னால் இறங்கி, பிளக் வயரை நானே கழற்றிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன்.