அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு மேகத்தில் ஓர் இடம்

எதிர்காலத்திலேயே குடியிருக்கும் மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்து, சாம்பார் வருவதற்குள் வங்கிகளையெல்லாம் மூடி, ரசம் வருவதற்குள் கடைத்தெருவைக் காலி செய்து, மோர் வரும்போது பள்ளிக்கூடம், கல்லூரி இரண்டுக்கும் பூட்டுப் போட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போவார்கள். "இன்னும் அஞ்சே வருஷம், பாருங்க" என்பது அவர்களுடைய பல்லவி. அஞ்சு வருஷம் கழித்துக் கேட்டால்? அப்போதும் அஞ்சே வருஷம்தான்.

இந்த இனத்தில் கல்வியின் எதிர்காலம் தெரிந்தவர்கள் என்றொரு தனிக்கிளை உண்டு. திருவண்ணாமலையை ஒட்டிய எங்கள் வேங்கிக்காலில் அந்தக் கிளைக்குப் பிரதிநிதி வேணு சார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், புது நகரில் மாடி வீடு, மாலையில் நடைப்பயிற்சி. நடைப்பயிற்சி என்றா சொன்னேன்? நாலு அடி நடப்பார், ஒருவரை நிறுத்துவார். நிறுத்தப்பட்டவர் கையில் பால் பாக்கெட் இருந்தால், அது திரிந்துபோவதற்குள் அவரை விட்டுவிடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

"எல்லாம் கிளவுட்ல போயிடுச்சு சார். பாடம் மேல, வாத்தியார் மேல, பரீட்சை மேல, சர்டிஃபிகேட் மேல. இனிமே கட்டடம் எதுக்கு, பெஞ்சு எதுக்கு?" என்று ஆள்காட்டி விரலை உயர்த்துவார். கேட்பவர் தன்னையறியாமல் அண்ணாந்து பார்ப்பார். வேறொன்றுமில்லை, எங்கோ ஓர் ஊரில் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்களை அடுக்கி, பாடங்களை அதில் சேர்த்து வைத்து, நாம் போனில் இறக்கிப் படிக்கிற ஏற்பாடுதான். அந்தக் கம்ப்யூட்டர்களுக்குப் பெரிய கட்டடம் கட்டி, குளிர்சாதனமும் போட்டு, வாசலில் காவலுக்கு ஆளும் வைத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் வேணு சார் சொல்ல மாட்டார்.

இவர் பேசுவதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் சிலர் இவரிடம் யோசனை கேட்கப் போகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

அடுத்த தெருவில் முருகையன் என்ற ஆட்டோ ஓட்டுநர் இருக்கிறார். மனைவி தமிழ்செல்வி ஜாக்கெட் தைப்பவர். ஒரே மகள் ஓவியா பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, வேலூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் படிக்க இடமும் வாங்கிவிட்டாள். விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். முருகையனுக்கு மனசில்லை. பெண் பிள்ளையை வெளியூரில் விட்டுவிட்டு ராத்திரி தூங்குவது எப்படி? மூவருமாக வேணு சார் வீட்டுக்குப் போனார்கள்.

"வேலூரா? எதுக்குங்க?" என்று சிரித்தார் வேணு சார். "இன்னும் அஞ்சு வருஷத்துல அந்தக் காலேஜே இருக்காது. உலகத்துல இருக்கிற பெரிய பெரிய புரொஃபசருங்க எல்லாம் உங்க வீட்டு ஹாலுக்கே வருவாங்க. பாப்பா வாசப்படி தாண்ட வேணாம்."

"லேப் சார்?" என்று கேட்டாள் ஓவியா. அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

"லேபும் கிளவுட்லதாம்மா. ஆசிட் கையில படாது. எவ்ளோ சேஃப்டி!"

"வாசப்படி தாண்ட வேணாம்" என்ற இடத்திலேயே முருகையன் முடிவெடுத்துவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது எதிர்காலம் அல்ல, ஒரு சாக்கு. அதை வேணு சார் மேகத்திலிருந்து இறக்கிக் கொடுத்தார். பெரியவர்கள் மூன்று பேரும் வேணு சாரின் விரல் காட்டிய திசையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க, படிக்க வேண்டியவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலூர் இடத்தை விட்டுவிட்டு ஓவியா வீட்டிலிருந்தே படிக்கிற பட்டப்படிப்பில் சேர்ந்தாள். மேகத்தின்மேல் எனக்குக் கோபம் ஏதும் கிடையாது. வீட்டைவிட்டு நகரமுடியாத எத்தனையோ பேருக்கு அது பெரிய துணை. ஆனால் வீட்டில் இருக்கும் பெண் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை எந்த வீடாவது நம்பியிருக்கிறதா? திரையில் பேராசிரியர் அணுவைப் பிளந்துகொண்டிருக்கும்போது "ஓவியா, குழாய்ல தண்ணி வருது பாரு" என்று ஒரு குரல் வரும். அவள் குடத்தை வைத்துவிட்டு வருவதற்குள் அணு பிளந்து முடிந்திருக்கும். திரும்ப ஓட்டிப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், குக்கர் விசில் அடிக்காவிட்டால்.

பௌர்ணமி முடிந்த மறுநாள் காலை. கிரிவலம் வந்த கூட்டம் ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலையில் அந்த நேரத்தில் ஆட்டோ கிடைப்பது பெரிய பாடு. தெருமுனையில் நெடுநேரம் கையைக் காட்டிக்கொண்டு நின்ற வேணு சாருக்கு முன்னால் கடைசியில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் முருகையன்.

வேணு சார் காலடியில் சுருட்டிய மெத்தை, பிளாஸ்டிக் வாளி, பெட்டி, தலையணை. பக்கத்தில் அவருடைய மகள் மணிமொழி.

முருகையன் மெத்தையைத் தூக்கி உள்ளே வைத்தார். "எங்க சார், இவ்ளோ சாமானோட?"

"வேலூர் பஸ் ஏறணும்" என்றார் வேணு சார். அவர் வாழ்க்கையில் பேசிய மிகச் சிறிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

அப்பா விட்ட இடத்தை மகள் நிரப்பினாள். "ஹாஸ்டல்ல சேரப் போறேன் அங்கிள். அப்பாதான் ரெண்டு தடவ நேர்ல போயி, லேப் எல்லாம் சுத்திப் பாத்துட்டு வந்தாரு. ஓவியாக்கும் அங்கதான சீட் கெடச்சுது? ஏன் அவ வர்ல?"

ஆட்டோ கொஞ்ச தூரம் ஓடியது. முருகையன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வேணு சார் மலையைப் பார்த்தார்.

"ஏன் சார், அஞ்சு வருஷத்துல காலேஜெல்லாம் இழுத்து மூடப் போறாங்கன்னு சொன்னீங்களே. அதுக்குள்ள பாப்பா படிச்சு முடிச்சிடுமா?"

"அது வந்து முருகையன்... இது டிரான்சிஷன் பீரியட்."

"அப்படின்னா இன்னா சார்?"

"மாறிக்கிட்டு இருக்கிற காலம்."

"ஓ. மாறுற வரைக்கும் உங்க பொண்ணு காலேஜ்ல, எம்பொண்ணு ஊட்லயா?"

மணிமொழிக்கு இப்போது விஷயம் புரிந்துவிட்டது. அவள் அப்பாவைப் பார்க்காமல் வாளியை மடியில் இறுக்கிக்கொண்டாள். முருகையன் சண்டை போடவில்லை. மெத்தையை பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், "நல்லா படிம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்தபோது ஓவியா அடுப்படியில் நின்றபடி, போனில் ஒரு ஆசிட் பாட்டிலை விரலால் இழுத்து ஒரு குடுவையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். படம்தான். கரண்டி பிடித்த கையை மாற்றினபோது பாட்டில் நழுவி வெளியே விழுந்தது. "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது திரை.

"அந்த வேலூர் சீட்டு இன்னும் இருக்குமா?" என்று கேட்டார் முருகையன்.

"தேதி முடிஞ்சு போச்சுப்பா."

"எம்மேல கோவமா?"

ஓவியா அடுப்பை அணைத்தாள். "நீங்க அவர கேட்டீங்க. என்னைக் கேக்கலியே" என்றாள்.

தமிழ்செல்வி தையல் மிஷினை நிறுத்தினார். அந்த வீட்டில் மிஷின் நின்றால் விஷயம் பெரிது என்று பொருள். "இன்னாத்துக்கு நிக்கிறீங்க? வண்டிய எடுங்க. நம்மூர்ல காலேஜ் இல்லியா, போயி கேளுங்க" என்றார்.

அன்று முழுக்க ஆட்டோ சவாரி போகவில்லை. நகரத்துக் கல்லூரி ஒன்றின் அலுவலகத்துக்கு வெளியே நின்றது. வேதியியலில் இடமில்லை. யாரோ வராமல்போன இடம் ஒன்று தாவரவியலில் காலியாக இருந்தது, அதுவும் பிற்பகல் வகுப்பில். ஓவியா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றாள். முருகையனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலூர் போனது போனதுதான்.

முதல் நாள் கல்லூரி முடிந்து வந்தவளிடம், "எப்படிம்மா இருந்துது?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"மைக்ராஸ்கோப் கம்மி, ஆளு ஜாஸ்தி. நாலு பேரு அடிச்சிக்கிட்டு பாத்தோம்" என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

வேணு சார் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? இந்த இனம் வெட்கத்தால் மெலிந்ததாக வரலாறு இல்லை. மறுவாரமே ஒரு விழாவில் மைக்கைப் பிடித்து, கிளவுட் பாதி, கல்லூரி பாதி, இரண்டும் கலந்ததுதான் எதிர்காலம் என்று முழங்கினார். யார் பிள்ளைக்கு எந்தப் பாதி என்று சொல்லவில்லை. கைதட்டல் பலமாக இருந்தது.

நீங்களும் சிரித்திருப்பீர்கள். நல்லது. ஆனால் படித்துக்கொண்டு வரும்போதே, "அட, நம்ம ஆபீஸில் ஒருத்தர் அப்படியே இப்படித்தான், இதை அவருக்கு உடனே அனுப்பி வைக்க வேண்டும்" என்று ஒரு முகம் உங்கள் மனசில் வந்ததா? வந்ததல்லவா? அடுத்தவருக்கு எது நல்லது என்று அவ்வளவு சீக்கிரம் தெரிந்துபோவதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி.