கம்ப்யூட்டரை அணைக்க அரை மணி நேரம்

"இந்த வூட்டுல இனி என் உத்தரவு இல்லாம ஒரு சுவிட்சும் அணையக் கூடாது!"

1989 மே லீவில் பள்ளிக்கூட ஆபீசுக்கு ஓடு மாற்றினார்கள். அங்கே கிளார்க்கான என் வூட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டேன். பின்னே? பிள்ளைகள் அத்தனை பேர் மார்க்கும் அதற்குள்ளே. "பிலவேந்திரா, தப்பா அணைச்சு ஒரு மார்க் அழிஞ்சாலும் உனக்கு வேலை இல்லப்பா" என்று ஹெட்மாஸ்டர் ஃபாதர் சொல்லியிருந்தார்.

அதன் முன்னால் உட்கார்ந்தாலே எனக்கு மெய் சிலிர்க்கும். பக்கத்து வூட்டுக் குள்ளம்மாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் எட்டிப் பார்ப்பாள். என் பெண்டாட்டி இசபெல்லா மட்டும், "மோட்டாருக்குக் கரண்ட் வந்துருச்சு. கரும்புக்குத் தண்ணி கட்டணும், வாங்க" என்றாள்.

"எப்படிடி வர்றது? உள்ள ஒரு ஊசி ஓடிக்கிட்டிருக்கு. சட்டுனு அணைச்சா மார்க்கு பதிஞ்ச தட்டைக் கீறிப்புடும். மார்க்கெல்லாம் போச்சு!"

"மாதாவே! அப்ப எப்படித்தான் அணைக்கறது?"

"அடிச்சதைப் பத்திரப்படுத்தணும். ஊசிய ஓரமா நிறுத்தணும். சிவப்பு லைட்டு அடங்கணும். அப்புறந்தான் சுவிட்சு. அரை மணி நேரம் ஆவும்."

நிஜத்தில் ஒரு நிமிஷம் போதும். மம்முட்டி பிடித்து மடை வெட்ட எனக்கு உடம்பு வளையாது, அவ்வளவுதான். இசபெல்லா பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, தானே மம்முட்டியோடு போனாள். தினமும் இதே கதைதான். எனக்கு ராஜ வாழ்க்கை.

ஒரு நாள் சாயங்காலம் தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"ஏங்க! லைன்மேன் சவரி மாமா டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட நிக்கறாரு! இப்பவே ஃபியூஸைப் புடுங்கப் போறாராம்!"

ஐயோ, மார்க்கு! ஐயோ, வேலை! விரல்கள் பறந்தன. பத்திரப்படுத்தினேன். ஊசியை நிறுத்தினேன். சிவப்பு லைட்டு அடங்கியது. சுவிட்சைத் தட்டினேன்.

"பொழைச்சேண்டி! ஒரு மார்க்கு போகல!"

தலைக்கு மேல் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடி, கரண்ட் போகலையே? சவரி மாமா?"

"அவருக்கு இன்னைக்கு லீவுங்க. ஒகேனக்கலுக்கு மீன் தின்னப் போயிருக்காரு."

வாயைப் பிளந்தபடி அவளையே பார்த்தேன். அம்மாடி, என்ன மூளை! கம்ப்யூட்டரைப் பார்த்துக்கூட நான் இப்படி மலைத்ததில்லை. மலைத்து முடிப்பதற்குள் மம்முட்டி என் கையில் இருந்தது.

"ஒரே நிமிஷத்துல ஊசிய ஓரமா நிறுத்தியாச்சுல்ல? கிளம்புங்க. அங்க மோட்டார் ஓடிக்கிட்டிருக்கு."

"தண்ணி கட்டி முடிக்க எவ்வளவு நேரம்டி ஆவும்?" பாவமாகக் கேட்டேன்.

"உங்க பொட்டிய அணைக்கற நேரந்தாங்க."