பிளொப்பி அண்ணை வாங்கிய பூட்டு

உலகத்தில் பூட்டைக் கண்டால் ஆகாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் திருடர். மற்றவர் எங்கள் பிளொப்பி அண்ணை. திருடருக்காவது பூட்டு இருந்தால்தான் பிழைப்பு. அண்ணைக்கு அந்த உபயோகமும் கிடையாது.

திருகோணமலை உட்துறைமுக வீதியில், ஓர்ஸ் ஹில் ஏறும் திருப்பத்துக்குச் சற்று முன்னால் அவருடைய கடை. பழைய கொம்பியூட்டர் விளையாட்டுகள் விற்கும் கடை. பழையவை என்றால், நமக்கு மீசை முளைக்கும் முன் வந்தவை. சட்டைப்பையில் பேனா வைக்கிற இடத்தில் ஒரு பிளொப்பி டிஸ்க் வைத்திருப்பார். வங்கியில் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினால் அதுதான் கையில் வரும். பெயர் அப்படி வந்தது. சொந்தப் பெயர் என்னவென்று தபால்காரரே ஒருமுறை என்னிடம் விசாரித்தார். எனக்கும் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்தக் காலத்தில் ஒரு விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கினாலும் அது நமக்குச் சொந்தமில்லை. திறக்கும்போதெல்லாம் அது இன்டர்நெட்டில் போய், எங்கோ இருக்கும் கம்பனியிடம் இந்த மனிதரை விளையாட விடலாமா என்று உத்தரவு கேட்கும். கம்பனி இழுத்து மூடினால் நம் விளையாட்டும் அதோடு சரி. அண்ணை விற்பவற்றில் இந்தப் பூட்டு இருக்காது. வாங்கினால் வாங்கினதுதான், பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும். அதற்காகத் திருட்டு சீடீயை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட முடியாது. விளையாட்டைச் செய்தவர்களைத் தேடிப் பிடித்து, அனுமதி கேட்டு, அவர்களுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்த பிறகே விற்பார். அதை இன்றைய கொம்பியூட்டரில் ஓட வைக்கச் சோறு தண்ணீர் இல்லாமல் மாய்வார்.

“காசு குடுக்காம எடுக்கிறதும் களவு. காசை வாங்கிப்போட்டுப் பூட்டி வைக்கிறதும் களவு.” இந்த உபதேசத்தைக் கேட்காமல் ஒருவரும் அந்தக் கடைப்படி இறங்கியதில்லை.

கொள்கை என்று வந்துவிட்டால் அண்ணையிடம் அரைகுறை கிடையாது. கடைக்கதவுக்கும் பூட்டில்லை. பொழுதுபட்டால் ஒரு கயிற்றுத்துண்டு, கீழே ஒரு கல், அவ்வளவுதான். எங்கள் ஊரில் கதவு திறந்து கிடந்தால் திருடன் வருகிறானோ இல்லையோ, மான் வரும். மற்ற ஊர்களில் தெருவில் மாடு நிற்கிற மாதிரி இங்கே புள்ளிமான் நிற்கும். ஒருநாள் காலையில் நான் போனபோது ஒரு மான் கடைக்குள் நின்று, விளையாட்டுப் பெட்டியோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. விரட்டப் போனேன். அண்ணை என் கையைப் பிடித்தார்.

“விடுங்கோ தம்பி. இண்டைவரைக்கும் அந்தப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை பாத்தது அது ஒண்டுதான்.”

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய இரண்டு பிரதிச் சட்டம். ஒரு விளையாட்டு வாங்கினால் இரண்டு பென்டிரைவில் ஏற்றித் தருவார். ஒன்று விளையாட. மற்றதை நம் வீட்டில் வைக்கக் கூடாது, இன்னொருவர் வீட்டில் வைக்க வேண்டும். யார் வீட்டில் வைப்பதென்று சொல்லாவிட்டால் விற்கவே மாட்டார். ஏனென்று நான் ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

“இந்த ஊரில வீடு போனா எல்லாம் போகும் எண்டு தெரியாதே தம்பி? சண்டையில போச்சு, கடலில போச்சு. என்ரை அம்மாவின்ரை படம் ஒண்டுகூட இல்லை. இன்னொரு வீட்டில ஒண்டு குடுத்து வைச்சிருந்தா இருந்திருக்கும்.”

அதன் பிறகு நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

எனக்குக் கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் வேலை. பகல் முழுக்கக் கப்பலைப் பார்த்துவிட்டுப் பின்னேரம் அண்ணையிடம் வாங்கிய கப்பல் விளையாட்டில் உட்காருவேன். கந்தோரில் கப்பலோடு மாரடிக்கிறது போதாதா என்று மனைவி கேட்பாள். என்னுடைய இரண்டாவது பிரதியைப் பாலையூற்றில் கன்னியர் மடத்து சிஸ்டர் ஒருவரிடம் கொடுத்து வைத்தேன். அவரும் கடை வாடிக்கையாளர்தான். சாந்தமான முகம், வானத்திலிருந்து இறங்கும் வேற்றுக்கிரகப் படைகளைச் சுட்டு வீழ்த்துவதில் மட்டும் இரக்கமே கிடையாது. இது பாவமில்லையா என்று கேட்டால், “அதுகள் எங்கட கோயில் பங்கு ஆக்கள் இல்லை” என்று சொல்லிவிட்டு அடுத்ததைச் சுடுவார். சிஸ்டர் தன் பிரதியை, நாங்கள் நானா என்று கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் அண்ணர் ஒருவரிடம் கொடுத்தார். நானாவுக்கு நகரத்தில் இரும்புச்சாமான் கடை. பூட்டு விற்பவர். அண்ணைக்கு ஒரு பூட்டையாவது விற்றுவிட வேண்டுமென்று வருடக்கணக்காக முயன்று தோற்றவர். பந்தைக் குறிபார்த்து அடிக்கும் விளையாட்டு ஒன்றில் அவர் பைத்தியம். அவருடைய பிரதி என் வீட்டில். அண்ணையின் சட்டம் இல்லாவிட்டால் இந்த இருவரையும் எனக்குத் தெரிந்தே இருக்காது.

கடை திறந்தது ஒரு மாரிகாலத்தில். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் நாங்கள் கூடுவோம். சிஸ்டர் கேக், நானா வட்டிலப்பம், நான் ரோல்ஸ். யாராவது நன்றி கின்றி என்று பேசத் தொடங்கினால் அண்ணை எழும்பிப் போய் ஒரு வயரைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார்.

பத்தாவது ஆண்டு விழாவுக்கு முந்திய வாரம் விடாத மழை. நான் கந்தோரில் இருந்தபோது நானா நனைந்துகொண்டு ஓடி வந்தார். முகத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று எழும்பிவிட்டேன்.

“தம்பி, அவர் பூட்டு வாங்கிட்டார்.”

எத்தனை வருடத்து ஆசை நிறைவேறியிருக்கிறது, மனிதர் அழுகிற மாதிரி நின்றார். சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போனோம். கதவில் புதுப் பூட்டு பளபளத்தது. அண்ணை பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததை அவர் சொன்ன விதத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மழைக்கு ஒதுங்க மான்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கின்றன. இடி இடித்ததும் வெருண்டு, மேசையோடு சேர்த்து எல்லாவற்றையும் தள்ளி விழுத்திவிட்டன. தரையில் முழங்காலளவு வெள்ளம். கொம்பியூட்டரும், விளையாட்டுகள் எல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதற்குள் கிடந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை. திரும்பக் கேட்டு வாங்கவும் வழியில்லை. செய்தவர்களில் பாதிப் பேர் கம்பனியை மூடிவிட்டார்கள், சிலர் உயிரோடேயே இல்லை.

“பூட்டியிருந்தா மான் வந்திராது. நான் இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம் பிழை, தம்பி. இனிக் கடை இல்லை.”

ஊருக்குத்தான் உபதேசமா என்று எனக்குக் கோபமே வந்தது. எங்களையெல்லாம் இன்னொரு வீட்டில் வைக்கச் சொன்னவர் தன்னுடைய இரண்டாவது பிரதியை எங்கே வைத்தார் என்று கேட்டேன். அதுவும் அதே மேசையில்தான் இருந்ததாம்.

“எனக்கு வேற வீடு எங்க கிடக்கு?” என்றார்.

கடையின் பின்னறைதான் அவருக்கு வீடு. உறவென்று ஒருவரும் இல்லை. பத்து வருடமாக அவரிடம் போய் வந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. மூவரும் வெளியே வந்தோம். திருப்பத்தில் சிஸ்டர்தான் நின்றார். அண்ணையின் பிரதி போனால் என்ன, நம்முடையவை இருக்கின்றனவே என்றார்.

அங்கே தொடங்கியது கூத்து. வீட்டுப் பிரதி எவரிடமும் உருப்படியாக இல்லை. நான் கொம்பியூட்டர் மாற்றும்போது தொலைத்திருந்தேன். சிஸ்டருடையதன் மேல் யாரோ திருநாள் படங்களை ஏற்றிவிட்டார்கள். நானாவுடையதை அவர் மனைவி காற்சட்டையோடு தோய்த்துவிட்டார். மிஞ்சியது அடுத்த வீட்டுப் பிரதிகள்தான். என்னுடையதை சிஸ்டர் பத்திரமாக, யேசு பிறப்பைக் காட்டும் நத்தார்க் குடில் பெட்டியில் வைக்கோலுக்குள், மாட்டுப் பொம்மைக்குக் கீழே வைத்திருந்தார். நானாவுடையது என் மனைவியின் கூறைச்சேலைக்குள் இருந்தது. சிஸ்டருடையதை நானா தன் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். அந்தப் பெட்டியின் திறப்புச் சாவியைக் காணவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிற மனிதர், சொந்தப் பெட்டியைத் திறக்க ஏலாமல், வாடிக்கையாளர்கள் சுற்றி நின்று புத்தி சொல்ல, கிரைண்டர் வைத்து அறுத்தார். அவர் மானம் தீப்பொறியாகப் பறந்தது. அண்ணையிடம் இதைச் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார். அன்றைக்கே சொன்னோம்.

மற்றவர்களுக்கும் செய்தி போனது. ஒவ்வொருவரும் யார் வீட்டில் கொடுத்து வைத்தோம் என்று நினைவுபடுத்தி ஊரைச் சுற்றத் தொடங்கினார்கள். கோபத்தில் கதைக்காமல் இருந்த இரண்டு வீட்டார் இதற்காகக் கதைத்தார்கள் என்றும் கேள்வி.

விழா நாளன்று மழை ஓயவில்லை. கடை வாசலில் இருந்து திருப்பம் வரைக்கும் குடை பிடித்த வரிசை. ஆட்டோக்காரர், டீச்சர், மூதூரிலிருந்து காலையிலேயே புறப்பட்டு வந்த குடும்பம். எல்லார் கையிலும் பொலித்தீன் பையில் சுற்றிய பென்டிரைவ். கதவில் பூட்டு தொங்கியது. உள்ளிருந்து அண்ணை, விழா இல்லை, போங்கோ என்றார். சிஸ்டர் கதவருகே போனார்.

“அண்ணா, திறவுங்கோ. உங்கட சாமான் முழுக்க எங்கட வீடுகளிலதான் கிடந்தது. கொண்டு வந்திருக்கிறம்.”

அண்ணை பின்பக்கத்தால் சுற்றி வந்து பூட்டைத் திறந்தார். நான் கந்தோரில் கேட்டு வாங்கி வந்த பழைய கொம்பியூட்டரில் ஒவ்வொன்றாக ஏற்றினார். ஒவ்வொரு விளையாட்டும் எந்தக் கடவுச்சொல்லும் கேட்காமல், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் எழும்பி ஓடியது. பூட்டிக் கொடுத்திருந்தால் இதில் ஒன்றுகூடத் திரும்பி வந்திருக்காது என்பதை வரிசையில் நின்ற எல்லாருமே விளங்கிக்கொண்டோம். அவருக்கும் விளங்கியது. ஒன்றிரண்டு மட்டும் அகப்படவில்லை. அவற்றை மான் தின்றதாக வைத்துக்கொள்வோம் என்றார். அப்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கு எல்லாரும் வாய்விட்டு நன்றி சொன்னோம். கழற்றிப் பூட்ட வயரெதுவும் கைக்கு அகப்படாததால் முழுவதையும் உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று. விற்ற சாமானைத் திருப்பி எடுக்காத நானா, தானே போய்ப் பூட்டைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டார். கேக் வெட்டும்போது வாசலில் ஒரு மான் வந்து நின்றது. அதற்கும் ஒரு துண்டு போனது.

நான் புறப்படும்போது அண்ணை கூப்பிட்டு ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கையில் வைத்தார். எல்லா விளையாட்டுகளும் அதற்குள் இருந்தன.

“இது ரெண்டாவது. உங்கட வீட்டில கிடக்கட்டும், தம்பி.”

அதை எங்கள் அலுமாரியில், கூறைச்சேலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அலுமாரியை இப்போது பூட்டுவதில்லை. ஏனென்று மனைவி கேட்டாள். அண்ணையின் சாமானை எப்படிப் பூட்டுவது என்றேன். அவள் அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாராவாரம் அரைச் சுண்டு அரிசி கூடப் போட்டுச் சமைக்கிறாள், அண்ணையும் வந்து சாப்பிடுகிறார்.