கட்டை சாரின் காரும் தனக்காவின் கூழ் வத்தலும்

நெய்வேலி டவுன்ஷிப்பில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். காரை நிறுத்துவதற்காகக் குடும்பத்தோடு உழைத்தவர் எங்கள் கட்டை சார் ஒருவர்தான்.

ஆள் என்னவோ ஆறடி. பெயர் வந்தது, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் முட்டுக்கட்டையால். மைன்ஸில் மண் கொட்டும் டம்பர் லாரி ஓட்டுபவர். அங்கே வண்டியை நிறுத்தினால் கட்டை வைத்தே ஆக வேண்டும். அந்த ஒழுங்கை அப்படியே குவார்ட்டர்ஸுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவரிடம் இருந்தது அப்பா காலத்துக் கார். பிரேக்கை மூன்று தரம் மிதித்தால், நான்காவது தரத்தில்தான் அது யோசிக்கவே ஆரம்பிக்கும். ஆகவே மனைவி தனக்கா முன்சீட்டில் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கார் கொஞ்சம் தயங்கும் நேரம் பார்த்துக் குதித்து இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை போடுவார். பட்டுப்புடவை கட்டிக் கல்யாணத்துக்குப் போனாலும் இதே டியூட்டிதான்.

கோயிலில் நிற்க வேண்டுமானால் சார் போஸ்ட் ஆபீஸிலேயே மிதிக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை குறிஞ்சிப்பாடிக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர்கள், கார் நிற்காமல் இரண்டு தெரு தள்ளிப் போய், யாரோ வீட்டு வளைகாப்பில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

இத்தனையும் பொறுத்த தனக்காவால் கூழ் வத்தல் விவகாரத்தை மட்டும் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு எதிரே ரோட்டோரம் பழைய வேட்டியை விரித்து வத்தல் பிழிந்திருந்தார். சார் காரைக் கழுவிவிட்டு ஒரு ரவுண்டு போய் வந்தார். பிரேக் குழாயில் எங்கேயோ ஒழுக்கு. மிதித்த மிதி தரையோடு போய்விட்டது. கார் வத்தல்மேல் ஏறி இறங்கி, எதிர்வீட்டில் இருந்த என் வேலியோரச் செம்பருத்தியைச் சாய்த்துவிட்டு நின்றது. செம்பருத்தியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கிடையாது.

தனக்கா கட்டையைக் கொண்டுவந்து முன்சீட்டில் வைத்தார். "இனிமே அதாச்சு, நீங்களாச்சு. நான் பஸ்ல போய்க்கிறேன்."

சொன்னதைச் செய்தார். பண்ருட்டி சந்தைக்கு அவர் பஸ்ஸில் முன்னே போக, காலி சீட்டோடு சார் காரில் பின்னே போவார். மனிதர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "வூட்ல சோறு போடுது சார். காருல மட்டும் ஏற மாட்டேங்குது," என்றார் என்னிடம்.

ஒழுகிய குழாயை அடைத்தாலும், மூலக் கோளாறு மாஸ்டர் சிலிண்டரில் என்பது அவருக்குத் தெரியும். நாம் மிதித்ததும் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற உருளை அது. பழைய காரில் அதற்கு ஒரே அறை. எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரமும் சேர்ந்து கைவிரித்துவிடும். பண்ருட்டிப் பழைய சாமான் கடையில், பிற்கால வேன் ஒன்றின் இரட்டை அறை சிலிண்டரைத் தேடிப் பிடித்தார் சார். முன்சக்கரங்களுக்கு ஓர் அறை, பின்சக்கரங்களுக்கு ஓர் அறை. அது அந்தக் காரில் உட்கார மறுத்தது. இவரும் விடவில்லை. தகடு வெட்டினார், கம்பியை நீட்டினார், குழாயை வளைத்தார். வீக்லி ஆஃப் எல்லாம் காருக்கு அடியிலேயே கழிந்தது.

கடைசியில் குழாயிலிருந்து காற்றை எடுக்க, ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும். அது தனக்காவின் வேலை. அவர் திரும்பியும் பார்க்காததால் நான் மாட்டினேன். "மிதிங்க... புடிச்சுகினு இருங்க... வுடுங்க" என்பதைத் தவிர அன்று முழுக்க வேறு பேச்சே என் காதில் விழவில்லை. மறுநாள் என் நடையைப் பார்த்து, பழனிக்குப் பாத யாத்திரையா என்று ஆபீஸில் விசாரித்தார்கள்.

பரீட்சை வைத்தவர் தனக்கா. அதே இடத்தில் அதே வேட்டி, புது வத்தல். ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நிறுத்திக் காட்டினால் ஏறுவார், இல்லையென்றால் ஆயுசுக்கும் பஸ்தான். பிளாக்கே வாசலுக்கு வந்துவிட்டது.

சார் வந்தார். பழக்கதோஷத்தில் தெருமுனை வேப்பமரத்தடியிலேயே மிதித்தார். கார் வேப்பமரத்தடியிலேயே நின்றது. எல்லோரும் சிரித்தோம், தனக்காவைத் தவிர.

"அங்கியே நின்னுகினா பிரேக்கா, பயமான்னு எனக்கு எப்படித் தெரியும்? கிட்ட வாங்க."

இந்த முறை வேகமாக வந்தார். கிட்டத்தில் மிதித்தார். பின்சக்கரத்துப் பக்கம் பட்டென்று ஒரு சத்தம். எல்லாவற்றையும் மாற்றிய மகானுபாவர், பின்னாலிருந்த பழைய ரப்பர் குழாயை 'நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவைத்திருக்கிறார். ஆயில் ரோட்டில் பீய்ச்சி அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது முன்சக்கரம் வேட்டிக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றது. ஒரு வத்தல்கூட நசுங்கவில்லை. சார் காருக்கு அடியில் புகுந்து பார்த்துவிட்டு, முகமெல்லாம் ஆயிலும் பல்லுமாக எழுந்தார்.

"பின்னாடி மொத்தமும் போயிடிச்சி தனம்! முன்னாடி மட்டும் புடிச்சே நிறுத்திடிச்சி!"

பிளாக்கே கை தட்டியது. நான் விசிலே அடித்தேன்.

புதுக் குழாய் போட்ட பிறகு, பண்ருட்டிக்குக் கிளம்பும்போது சார் இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தார். தனக்கா ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கீழே கிடந்த கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாருக்கு முகம் விழுந்துவிட்டது.

"இன்னா தனம், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிறுத்தும்னு நீயே பாத்தியே?"

"பாத்தேன். ரெண்டும் போச்சுன்னா நான் இருக்கேன். ஓட்டுங்க."

சார் ரிட்டயர் ஆகிக் காடாம்புலியூர் போய்விட்டார். அன்று சாய்ந்த செம்பருத்தி இன்னும் சாய்ந்தபடியேதான் பூக்கிறது. நிமிர்த்திக் கட்டலாமே என்கிறார்கள் வீட்டில். யாரையும் நான் தொட விடவில்லை.