சம்பந்தி படம் எரிந்த விவகாரம்

பொன்னமராவதி,
செவ்வாய்க்கிழமை.

மணமேல்குடி வர்த்தகர் சங்கத் தலைவரும் என் மதிப்புக்குரிய சம்பந்தியுமான முத்துராமன் அவர்களின் சமூகத்துக்கு, பெரியண்ணன் கைகூப்பி எழுதுவது. இவ்விடம் நானும் அழகியும் வீடும் பெரும்பாலும் சுகம். அவ்விடம் தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை செந்தமிழனும், ஏழு மாதம் நிறைந்த என் மகள் அன்புமொழியும் முழுவதும் சுகமாக இருக்க அழகியநாச்சி அம்மன் துணை இருப்பாள்.

நான் போன் போட்டால் தாங்கள் எடுப்பதில்லை. எடுத்த ஒரே தடவையும், "என் படத்தைக் கொளுத்துன வீட்டுக்கு என் மருமகளை அனுப்ப மாட்டேன். வளைகாப்பு முடிஞ்சாலும் புள்ள இங்கிட்டுதான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வராவிட்டால் ஊரில் நான் எந்த முகத்தோடு நடப்பேன்? ஊர் கிடக்கட்டும் சம்பந்தி, எனக்கு ஒரே பிள்ளை. அவள் போனதிலிருந்து இந்த வீட்டில் என்னைத் திட்டுவதற்கு அழகி ஒருத்திதான் இருக்கிறாள், அது எனக்குப் போதவில்லை. அதனால் தங்கள் படம் எரிவதாக ஊரெல்லாம் சுற்றுகிற அந்த வீடியோவில் என்ன நடந்தது என்பதை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, "எங்க வீட்ல குழாயைத் திறந்தா வெந்நீர்" என்று தாங்கள் சும்மா ஒரு வார்த்தை சொன்னீர்கள். எனக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் வெந்நீர் வேண்டாமா? பக்கத்துத் தெருவிலிருந்து பெங்களூருக்கு மாற்றலாகிப் போன வங்கிக்காரர், ஓடாத கேஸ் கீசர் ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அதை எடுத்துவந்து பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, திரும்ப மாட்டினேன். ரெண்டு திருகாணியும் ஒரு ஸ்பிரிங்கும் மிஞ்சின. மிஞ்சினால் மிஞ்சட்டும், நான் கண்டக்டராக இருந்த காலமெல்லாம் டிப்போவில் மெக்கானிக்குகள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், அவர்களுக்கும் மிஞ்சும். கேஸ் டியூப் நீளம் பத்தவில்லை, செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸில் ஒரு துண்டு வெட்டிச் சேர்த்து சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினேன். கீசர் எரிந்தது சம்பந்தி! ஆனால் குளியலறை ஜன்னல் காற்றில் தீ அணைந்து அணைந்து போனது. ஜன்னலை அடைக்கக் கெட்டியாக ஏதாவது வேண்டுமே என்று தேடியபோதுதான் பரணில் கல்யாண பிளெக்ஸ் கிடைத்தது. மாப்பிள்ளை பெண்ணைவிடப் பெரிதாகத் தாங்கள் கும்பிட்டபடி நிற்பீர்களே, அதேதான். தங்கள் முகம் உள்பக்கம் பார்த்தால் பெண்கள் குளிக்கிற இடத்தில் மரியாதையாக இருக்காது என்று, தெருப்பக்கம் பார்க்கிற மாதிரி வெளியிலிருந்து ஆணி அடித்தேன். இதிலிருந்தே என் மனசு தங்களுக்குப் புரிய வேண்டும்.

முதலில் குளித்தவள் அழகி. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் தட்டுத்தடுமாறி வெளியே வந்து, "ஏங்க, தலை கிறுகிறுங்குது, காலு நிக்க மாட்டேங்குது" என்று வாசலில் சாய்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விரதத்தின் களைப்பு என்று நினைத்து ஒரு காபி கொடுத்தேன். தெளிந்ததும், "ஏங்க, அங்கிட்டு கேஸ் நாத்தம் வேற அடிக்குதுங்க" என்றாள். நாற்றம் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டாமா? உள்ளே இருட்டு. தீக்குச்சி கிழித்தேன். கண்டுபிடித்துவிட்டேன் சம்பந்தி, ஹோஸும் டியூபும் சேர்கிற இடம்தான். டப்பென்று ஒரு சத்தம், என் இடது புருவத்தைக் காணோம், தீ நேராக ஜன்னலுக்குப் போய்த் தங்கள் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. நல்லவேளை, சிலிண்டர் வெளியே இருந்தது, அழகி ஓடிப்போய் அதை மூடிவிட்டாள். நான் கட்டிய துண்டோடு தெருவுக்கு ஓடினால் பிளெக்ஸ் அறுந்து ரோட்டில் கிடந்து எரிகிறது. தண்ணீர் எடுக்க நேரமில்லை. கையில் அகப்பட்டது செருப்பு. "அணைஞ்சு தொலைடா! அணைஞ்சு தொலைடா!" என்று அடித்தேன். அந்த 'டா' தீக்குச் சொன்னது சம்பந்தி, தங்களுக்கு அல்ல. எதிர் டீக்கடையில் எவனோ படம் பிடித்து, அது தங்கள் எதிரணிக்காரன் கையில் கிடைத்து, "தலைவரைச் செருப்பால் அடித்த சொந்தச் சம்பந்தி" என்று அவன் தலைப்பு வேறு வைத்துவிட்டான்.

கேஸ் ஆபீஸிலிருந்து அருண்குமார் என்று ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "ஐயா, ஜன்னலை அடைச்சுட்டு இதை எரிச்சா விஷப்புகை ரொம்பும். அதுக்கு நாத்தமும் கெடையாது, ஆளு தூங்குற மாதிரியே போயிருவாங்க. அம்மாவால கதவைத் தள்ளிக்கிட்டு வர முடிஞ்சதாலதான் பொழைச்சாங்க" என்றார். அந்தக் கதவின் தாழ்ப்பாளையும் நான்தான் ரிப்பேர் செய்திருந்தேன், அதனால்தான் அது சரியாக விழுவதில்லை. ஆக, என் ரிப்பேரால் ஓர் உயிர் பிழைத்திருப்பதையும் தாங்கள் மறக்கக் கூடாது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி அழகி தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்தேன். எனக்குப் பயமாகத்தான் இருந்தது சம்பந்தி.

தங்களை அவமதிக்க நான் கனவிலும் நினைத்ததில்லை. கோபத்தை மறந்து பிள்ளையை அனுப்பிவையுங்கள். தங்கள் சங்கமும் சந்ததியும் செழிக்கட்டும். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள், சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் படத்தை ஒருபோதும் கொளுத்தாத,
பெரியண்ணன்.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் அழகியிடம் படித்துக் காட்டினேன். "ஏங்க, இதைப் படிச்சா நீங்க கொளுத்தலைன்னு நம்புவாரு, சரி. அப்புறம் இந்த வெடிகுண்டு வீட்டுக்கு எவனாச்சும் புள்ளத்தாச்சியை அனுப்புவானா?" என்கிறாள். அவள் சொல்வது நியாயம். தீயை அணைத்ததில் வெந்த கையில் கட்டு இருப்பதால் இன்னொரு கடிதம் எழுத முடியவில்லை. ஆகையால் மேலே எழுதியது அத்தனையும் பொய் என்று தெரிந்துகொள்ளவும். எங்கள் வீட்டில் கேஸ் கீசர் என்ற பொருளே கிடையாது. தங்கள் படத்தை நான் நல்ல சுயநினைவோடு, வேண்டுமென்றேதான் கொளுத்தினேன், செருப்பால் அடித்ததும் தங்களைத்தான். பெரியமனது பண்ணி மன்னித்து, வெள்ளிக்கிழமை பிள்ளையை அனுப்பிவைக்கவும்.