நவரத்தினத்தின் கால்நோவும் பேர்லின் பயணமும்

ஒரு சனிக்கிழமை காலை, தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தான் இனி வரலாற்றை நேசிக்கப் போவதாக நவரத்தினம் அறிவித்தார்.

அதுவரை அவருக்கும் வரலாற்றுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கி ஓய்வுபெற்றவர். பெட்டிகள் உலகம் சுற்றின. அவர் சுற்றவில்லை. சுற்றச் சொன்னால் கால் நோகும். அது ஒரு விசித்திரமான நோ. கடைத்தெருவில் வரும், கோயில் வரிசையில் வரும், மனைவி ஜெயமலர் “எங்கையாவது போவமே” என்று வாயெடுத்தால் முழங்காலைத் தாண்டி இடுப்புவரை ஏறும். கூட்டாளி இராசலிங்கம் வீட்டுக்குச் சீட்டாடப் போகும்போது மட்டும் மறைந்துவிடும்.

இந்தத் திடீர் வரலாற்றுக் காதலுக்குக் காரணம், முதல்நாள் ஜெயமலர் சொன்ன ஒரு செய்தி. ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட தம்பி கஜரூபனின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சித்திரைக் கடைசிச் சனிக்கிழமை சாமத்தியவீடு. தட்டு ஊர்வலத்துக்கு முன்னால் நடக்க வேண்டியவர் நவரத்தினம்.

இந்த விழாக்களை அவருக்குத் தெரியும். அழைப்பிதழில் பதினொரு மணி என்று போட்டிருந்தால், சோறு வரும்போது வெளியே தெருவிளக்கு எரியும். அதைக்கூடப் பொறுக்கலாம். போன தடவை வேறொரு சாமத்தியவீட்டில் புகை இயந்திரத்தை முடுக்கிவிட்டார்கள். மண்டபம் முழுக்க மேகம். பழத்தட்டோடு நடந்த நவரத்தினம் வழி தவறி, மூன்றடுக்குக் கேக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த வீடியோவை இன்றும் நாலு நாடுகளில் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஆகவே சித்திரைக் கடைசியில் அவர் ஸ்டுட்கார்ட்டில் இருக்கக்கூடாது. நாட்டின் மறுமூலையில் இருக்க வேண்டும்.

“என்ன வரலாறு?” என்றாள் ஜெயமலர்.

“உலக யுத்தம். இவ்வளவு காலம் இந்த நாட்டிலை இருந்திட்டு, இஞ்சை என்ன நடந்ததெண்டு பாக்காமல் சாகிறதோ? பேர்லின் போவமப்பா. சித்திரைக் கடைசிச் சனி, ஞாயிறு.”

“இரண்டாம் உலக யுத்தம் எப்ப தொடங்கினது?”

“முதலாவது முடிஞ்ச பிறகு.”

ஜெயமலர் பாணில் வெண்ணெயைப் பூசினாள். மூலைவரை நிதானமாகப் பூசினாள்.

“அப்ப சாமத்தியவீடு?”

“பிள்ளை பாவம்தான். ஆனா ஹோட்டலிலை அறை போட்டிட்டனே.”

“ஐயோ, ஏலாது. கஜரூபன் என்ன நினைப்பான்? சனம் என்ன கதைக்கும்?”

“சனம் எப்பவும் கதைக்கும். யுத்தம் எப்பவும் வராது.”

“உங்கடை கால்?”

நவரத்தினம் எழும்பி நின்றார். இடது காலால் ஒரு குத்து, வலது காலால் ஒரு குத்து. கீழ்வீட்டு ஜெர்மன்காரி கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டைத் தட்டினாள்.

“பாத்தியோ, கீழுக்கும் கேட்டிட்டுது. இரும்பு!”

மூன்று நாள் மன்றாட வேண்டியிருந்தது. நாலாம் நாள் ஜெயமலர் ஒரு பெருமூச்சு விட்டாள்.

“சரி, வாறன். ஆனா நான் சொல்லுற இடமெல்லாம் நடக்கோணும். கால் எண்ட சொல்லே வாயிலை வரப்படாது. கஜரூபனோட நானே கதைக்கிறன். நீங்கள் எடுத்தால் உளறிப்போடுவியள்.”

அவர் மூன்றுக்கும் தலையாட்டினார். அன்றைக்கு இராசலிங்கம் வீட்டில் சீட்டுப் போட்டபோது தோற்றும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் பேர்லின் வந்து படுத்துக்கொண்டது. மடிப்புகள் நைந்துபோன ஒரு வரைபடம். பக்கத்தில் நூலகப் புத்தகங்கள், இடையிடையே அடையாளத்துக்குச் செருகிய நூல் துண்டுகள். நேற்றுத்தான் சம்மதித்தவளிடம் இவ்வளவும் எங்கிருந்து முளைத்தன என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் அழைப்பிதழ்களையே அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. எந்தச் சனி, எந்த மண்டபம் என்பது ஜெயமலரின் வாயிலிருந்து வரும். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு காரில் ஏறுவார். கலியாணம் செய்த நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

“குண்டு பட்டு முறிஞ்ச கோபுரத்தை அப்பிடியே விட்டிருக்கிற தேவாலயம், முதல் அது. பிறகு யூதரின்ரை மியூசியம். அங்கையிருந்து, தங்கக் கூரை போட்ட அவையின்ரை தொழுகைக்கூடம். ஞாயிறு முழுக்க ஓவியம்.”

“ஓவியமோ? நான் யுத்தம் மட்டுமெல்லே சொன்னனான்.”

“அதை மட்டும் பாத்திட்டு வந்தால் நித்திரை வருமே? கடைசியா ஒரு வடிவான படத்தைப் பாத்திட்டுத்தான் வரோணும்.”

“சாப்பாட்டுக்கு அங்கை இருக்கிற எங்கடை குமுதினி வீட்டை...”

“அவளுக்குச் சொன்னால் மியூசியம் இல்லை. புட்டும் ஊர்க்கதையும்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

சொந்தக்காரர் இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்குவது! நவரத்தினத்துக்குக் களவு செய்வதுபோல இருந்தது. கொஞ்சம் இனிப்பாகவும் இருந்தது.

வரைபடத்தின் கீழ் ஓரத்தில் ஜெயமலரின் விரல் நின்றது. ஷோனெஃபெல்ட் விமான நிலையம்.

“இதிலைதான் நான் அகதியா வந்து இறங்கினது. ரயிலிலை ஏத்திவிட்டினம். ஆரும் மறிச்சிடுவினமோ எண்டு ஊர் முழுக்கக் குனிஞ்ச தலையோட வந்தனான். என்ரை சப்பாத்தைத்தான் பாத்தனான், பேர்லினைப் பாக்கேல்லை.”

ஒவ்வொரு வருடமும் அவள் பேர்லின் என்று தொடங்கியதும், இவர் காலைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்ததும் நவரத்தினத்துக்கு நினைவுக்கு வந்தன. அந்த நினைவை மெல்லத் தள்ளி வைத்தார்.

சனிக்கிழமை பேர்லினில் வெயில். லின்டன் மரங்களில் இலை அப்போதுதான் விரிந்துகொண்டிருந்தது. ஒரு பழைய வீட்டு வாசலில், நடைபாதைக் கற்களுக்கு நடுவே பதித்திருந்த சின்னப் பித்தளைக் கற்களின் முன் ஜெயமலர் நின்றாள். அந்த வீட்டில் குடியிருந்து, யுத்தகாலத்தில் பிடித்துச் செல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள். தகப்பன், தாய், ஐந்து வயதில் ஒரு பெண்குழந்தை.

“திரும்பவும் குனிஞ்சுதான் நிக்கிறன்” என்றாள். “ஆனா இது பயத்திலை இல்லை.”

நவரத்தினம் கைக்குட்டையை எடுத்து, குந்தியிருந்து அந்தக் குழந்தையின் கல்லைத் துடைத்தார். எழும்பும்போது முழங்கால் உண்மையாகவே கடக்கென்றது. அவர் மூச்சு விடவில்லை. அன்று முழுவதும் அவள் சொன்ன இடமெல்லாம் நடந்தார்.

ஞாயிறு, ஓவியக்கூடம். நூற்றாண்டுகளைக் கடந்து நடந்து நடந்து, கடைசியில் ஒரு சின்னப் படத்தின் முன் ஜெயமலர் அசையாமல் நின்றாள். சன்னல் வெளிச்சத்தில் ஒரு பெண் முத்துமாலையைக் கழுத்தில் பிடித்துப் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த வெளிச்சம் படத்தைவிட்டு இறங்கி ஜெயமலரின் முகத்திலும் விழுந்திருந்தது. தலை நிமிர்ந்து நின்றாள். இவளை இவ்வளவு காலம் வீட்டில் மறித்து வைத்தது தன் இரண்டு கால்கள்தான் என்று நவரத்தினத்துக்கு முதல்முறையாக உறைத்தது.

அப்போது அவர் கையில் இருந்த அவளுடைய கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. கஜரூபன். நவரத்தினம் மூலைக்கு ஒதுங்கிக் கிசுகிசுத்தார்.

“தம்பி, குறை நினையாதை. நேற்று விழாவுக்கு வர ஏலாமல் போச்சுது.”

“எந்த விழா அத்தான்?”

“பிள்ளையின்ரை சாமத்தியவீடு.”

“அது வைகாசிக் கடைசிச் சனியெல்லோ! அக்காதானே எங்களோட இருந்து நாள் பாத்தவ.”

நவரத்தினம் சுவரைப் பிடித்தார். காவலாளி “சுவரைத் தொடாதீர்கள்” என்றான்.

“நீங்கள் பேர்லின் முழுக்க நடக்கிற படமெல்லாம் அக்கா அனுப்பினவ. கால் சுகமாம், சந்தோசம். தட்டுக்கு முன்னாலை நீங்கள்தான் அத்தான்!”

அவர் திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் படத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்:

“மலர், எனக்குக் கால் நோகுது.”

ஜெயமலர் முத்துமாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கஜரூபன் எடுத்த மண்டபம் இதைவிடச் சின்னன்” என்றாள். “நடந்திடுவியள்.”